நிழலில் பூக்காதுன்னு யார் சொன்னது?

செமஸ்டர் பரிட்சை முடிஞ்சு ஒரு வாரமா வீட்டில்தான் இருக்கேன். எங்க வீட்டு கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

பி.காம் படிக்கிறவனுக்கும் பூச்செடிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. என் கூட படிக்கிற பசங்களும் அதையேதான் கேட்டாங்க. கனகாம்பரம் பற்றிப் பேச ஆரம்பிச்சதுமே "என்னடா, பூக்கடை வைக்கப் போறியா"ன்னு ஒருத்தன் கிண்டல் பண்ணினான். பூக்கடை வைத்தால்தான் என்ன? விசேஷ நாட்களில் கனகாம்பரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிற செய்தி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது பேப்பரில் வருது. என்கூட படிக்கிற எத்தனை பேருக்கு அந்த மாதிரி சம்பளம் கிடைக்கப் போகுதுன்னு பார்க்கத்தானே போறோம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்க ஊர் அரியலூர் பக்கம். காலேஜ் பெரம்பலூரில். ஒரே ஆளு ரெண்டு மாவட்டத்துக்கும் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். (இந்த ரெண்டும் ஒண்ணா, வேறயான்னு அரசாங்கத்துக்கே ரொம்ப நாள் குழப்பம். 2001-ல் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினாங்க, 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்தாங்க, 2007-ல் மறுபடியும் பிரிச்சாங்க. எங்க அப்பாயி இன்னமும் திருச்சி ஜில்லான்னுதான் சொல்லுது.) வீட்டுக்குப் பின்னாடி ஒரு வேப்பமரம் நிற்குது. தாத்தா வைத்தது. கொல்லை முழுக்க அதோட நிழல்தான். அப்பாவுக்கு அந்த மரத்தை வெட்டிவிட்டு, இடத்தைச் சமப்படுத்தி, சிமென்ட் தளம் போட்டு, வண்டி நிறுத்த ஒரு ஷெட் போடணும். மரக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து ஒரு விலையும் சொல்லிட்டுப் போயிட்டார்.

அப்பா சொல்கிற காரணம் ஒண்ணே ஒண்ணுதான். "அந்த நிழல்ல ஒரு செடி வருதா? உங்க அம்மா வச்ச ரோஜா போச்சு, மல்லி போச்சு. சும்மா கெடக்குற எடம்தானே."

இந்த வாக்கியத்தை எங்க அப்பா மட்டும் சொல்லவில்லை. எங்க தெருவிலேயே நாலு வீட்டில் இதே காரணம் சொல்லி மரம் போயிருக்கு. புங்கை, வேம்பு, ஒரு பெரிய வாதாம் மரம் எல்லாம் போச்சு. எல்லா இடத்திலும் இப்போ சிமென்ட் தளம். நாங்கள் இருப்பது சிமென்ட் மாவட்டம், அதனால் மூட்டைக்கும் பஞ்சமில்லை, தளம் போட ஆளுக்கும் பஞ்சமில்லை. மத்தியானம் 2 மணிக்கு அந்தத் தளத்தில் செருப்பு இல்லாமல் கால் வைத்துப் பாருங்க, தெரியும்.

என்னுடைய கட்சி இதுதான். நிழலில் செடி வராது என்பது பொய். நிழலில் நாம் வைக்கிற செடி வராது, அதுதான் உண்மை.

நம்ம ஊரில் பூச்செடி என்றால் முதலில் வைப்பது மல்லி, அடுத்து ரோஜா, அடுத்து செம்பருத்தி. மூணுமே வெயில் குடிக்கிற செடிகள். மல்லிக்கு நாள் பூராவும் வெயில் வேணும், நிழலில் வைத்தால் கொடி மாதிரி நீண்டு இலையாக விடும், மொட்டு வராது. செம்பருத்தியும் அப்படித்தான், வெளிச்சத்தைத் தேடி உயரமாகப் போகும், நுனியில் ஒண்ணு ரெண்டு பூ பூக்கும். இந்த மூணையும் மரத்தடியில் வைத்துத் தோற்றுப்போய், மரத்தின் மேல் பழி போட்டுட்டோம். கணக்குப் பாடத்தில் ஃபெயிலானவன் பெஞ்சு சரியில்லைன்னு சொல்கிற மாதிரி.

எந்தச் செடியின் பூர்வீகம் காட்டுக்குள்ளே, பெரிய மரங்களுக்குக் கீழேயோ, அந்தச் செடிக்கு நம்ம மரத்தடி புதுசு இல்லை. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வைத்து இலையையும் காப்பாற்றி பூவும் பூக்கப் பழகியிருக்கும். அப்படிப்பட்ட செடிகளில் ஒண்ணுதான் நம்ம கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குச் சொந்த ஊர். ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூ எல்லாம் இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. இலை வருஷம் பூராவும் பச்சையாக இருக்கும். ஒரு தடவை வைத்தால் சில வருஷம் நிற்கும். அடைமழை நாட்களில் கொஞ்சம் சுணங்கும், மற்றபடி கிட்டத்தட்ட எல்லா மாசமும் பூ உண்டு. முழு வெயில் வேணும்னு அடம்பிடிக்காது, இலை வழியாகப் பொட்டுப் பொட்டாக விழுகிற வெயிலே போதும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், முதலில் நானும் கோட்டைதான் விட்டேன்.

போன வருஷம் அப்பாவிடம் சவால் விட்டேன். "ஆறு மாசம் கொடுங்கப்பா, இந்த நிழல்ல பூ பூக்க வைக்கிறேன்"னு. யூட்யூபில் தேடினேன். பெங்களூரிலும் கேரளாவிலும் எடுத்த வீடியோக்களாக வந்தது. நிழலுக்கு ஏற்ற செடி என்று ஆந்தூரியம், பீஸ் லில்லி, இட்லிப்பூ எல்லாம் காட்டினாங்க. ஒரு நர்சரிக்குப் போய் (பெயர் வேண்டாம்) என் பாக்கெட் மணியைக் கொட்டி ரெண்டு ஆந்தூரியம், ஒரு பீஸ் லில்லி, மூணு இட்லிப்பூச் செடி வாங்கி வந்தேன். ஆந்தூரியம் ஏற்காடு மாதிரி குளிர்ந்த, ஈரக்காற்று அடிக்கிற ஊருக்கு ஏற்ற செடி. எங்க ஊர் சித்திரைக் காற்றில் அது என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை. பீஸ் லில்லி நிழலைத் தாங்கியது, எங்க போர் தண்ணியைத் தாங்கவில்லை. உப்பு ஏறி இலை நுனியெல்லாம் காபிக்கொட்டை நிறமாகக் காய்ந்தது.

இட்லிப்பூ கதைதான் முக்கியம். அது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. புது இலை எல்லாம் மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நினைத்துக் குறைத்தேன், குறைஞ்சிடுச்சுன்னு நினைத்துக் கூட்டினேன், சாணி உரம் போட்டேன். ம்ஹூம்.

கடைசியில் வேளாண்மை படிக்கிற நண்பன் ஒருத்தன் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னான். "உங்க ஊர் சுண்ணாம்பு மண்ணுல இக்சோரா வச்சா இப்படித்தான்டா ஆகும்."

எங்க ஊரில் சின்னப் பசங்களுக்குக்கூட இது தெரியும், கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அரியலூர் கடலாக இருந்தது. நிலத்தைத் தோண்டினால் சிப்பி கிடைக்கும், நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கல் கிடைக்கும். பெரம்பலூர் மாவட்டத்து காரை பக்கம் போனால் அந்த வறண்ட மண்மேடுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சியாளர்கள் வருவாங்க. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இத்தனை சிமென்ட் ஆலைகளையும் இங்கே கூட்டி வந்தது. அதே சுண்ணாம்புதான் என் இட்லிப்பூவையும் மஞ்சளாக்கியது! மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் காரத்தன்மை ஏறும். காரம் ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. அதனால் புது இலை மஞ்சள். வங்கியில் பணம் இருந்தும் ஏடிஎம் கார்டு பிளாக் ஆன மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

இட்லிப்பூவுக்கு புளிப்புத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். கேரளாவில் தெச்சி என்று வீட்டுக்கு வீடு நிற்பது அதனால்தான். நம்ம இலக்கியத்தில் வெட்சி என்று வருவதும் இதன் இனம்தான், ஆநிரை கவரப் போகிற வீரர்கள் சூடின பூ. அவ்வளவு வீரமான பூ எங்க வீட்டு மண்ணில் தோற்றுப்போனது. அன்னபேதி உப்பைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தால் கொஞ்ச நாள் பச்சையாகும், திரும்பவும் மஞ்சள்தான். ஒரு செடிக்கு ஆயுசு பூராவும் குளுக்கோஸ் ஏற்றிக்கிட்டே இருக்க முடியுமா? (ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண், முந்திரிக்காடு. அங்கே இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். நான் சொல்வது சுண்ணாம்புப் பக்கம் இருப்பவர்களுக்கு.)

ஆறு மாசத்தில் நான் தோற்றுட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லவில்லை, சிரித்தார். அது திட்டுவதை விட மோசம்.

அப்போதான் அப்பாயி வந்தது. "கேட்டியாடா தம்பி என்னைய? பூ வைக்கிறதுன்னா கனகாம்பரத்த வையி, டிசம்பர் பூவ வையி. எங்க வீட்ல பூவரச மரத்தடியிலதான் கெடக்கும்"னு சொல்லிவிட்டு, அடுத்த வாரமே தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சப்பையில் நாற்று கொண்டு வந்துருச்சு. நான் செலவழித்தது ஆயிரத்துக்கு மேல். அப்பாயி செலவழித்தது பஸ் டிக்கெட், அதுவும் மகளிர் இலவச பஸ்ஸில் போனதால் பூஜ்யம்.

இப்போது வேப்பமரத்தடியில் 14 கனகாம்பரம் நிற்குது. கன்று நட்டு மூணாவது மாசம் முதல் கதிர் வந்தது. பச்சைக் கதிரில் கீழிருந்து மேலாக ரெண்டு ரெண்டாக ஆரஞ்சுப் பூ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பறித்தால் போதும், பறிக்க மறந்தாலும் மல்லி மாதிரி அன்றைக்கே வாடி நாறாது. வாசனை கிடையாது, அது ஒரு குறைதான். ஆனால் எடையே இல்லாத பூ, தலையில் வைத்தால் வைத்ததே தெரியாது என்று அம்மா சொல்லுது.

இதில் ரெண்டு ஜாதி இருக்கிறது எனக்கு இப்போதான் தெரியும். நாட்டுக் கனகாம்பரம் விதை பிடிக்கும். காய்ந்த காயில் மழைத்துளி பட்டதும் 'டப்'புன்னு வெடித்து விதை தெறிக்கும். ஆங்கிலத்தில் அதற்குப் பட்டாசுப் பூ என்று பெயர் வைத்ததே அதனால்தான். டெல்லி கனகாம்பரம் என்று விற்பது வேறு. பூ பெரிசு, பார்க்கவும் அழகு. ஆனால் அது மும்மய வகை, அதாவது குரோமோசோம் தொகுப்பு மூணாக இருக்கும், அதனால் விதை பிடிக்காது. தண்டை வெட்டி வேர் பிடிக்க வைத்துத்தான் பெருக்க வேண்டும். வியாபாரத்துக்கு விவசாயிகள் விரும்புவது டெல்லிதான். வீட்டுக்கு என்னைக் கேட்டால் நாட்டு ஜாதிதான் லாபம், ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் அதுவாகவே சுற்றி முளைத்திருக்கும். முதலே போடாமல் வட்டி வருகிற கணக்கு!

சும்மா நட்டால் வந்துவிடும்னு சொல்ல மாட்டேன். மரத்தடியில் உண்மையான எதிரி நிழல் இல்லை, வேர். வேம்பு பக்கத்தில் இருக்கிற தண்ணியை எல்லாம் உறிஞ்சிக்கும். நிழலாக இருக்கேன்னு நாம் தண்ணி ஊற்ற மாட்டோம், செடி காய்ந்துபோகும், பழி நிழல் மேல். அதனால் மரத்தின் தூருக்கு ஒட்டி வைக்கக் கூடாது, நாலைந்து அடியாவது தள்ளி வைக்கணும். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடணும். விழுகிற இலைச் சருகைக் கூட்டி அள்ளிக் கொளுத்தாமல் செடியைச் சுற்றியே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி தினமும் போகுது, அது போதும். ஆனால் தண்ணி தேங்கினாலும் ஆபத்து, கனகாம்பரத்துக்கு வாடல் நோய் சீக்கிரம் வரும். இன்னொரு பெரிய எதிரி நூற்புழு, கண்ணுக்கே தெரியாமல் வேரில் இருந்து தின்னும். நடும்போதே குழியில் ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டது அதற்காகத்தான்.

வேம்பில் இன்னொரு வசதி இருக்கு. இலை பொடிசு, அதனால் நிழல் சல்லடை மாதிரி. மாசி பங்குனியில் பழைய இலை கொட்டி, செம்பு நிறத்தில் தளிர் விடும்போது கீழே நல்ல வெளிச்சம் விழும். அந்த சமயத்தில் கனகாம்பரம் பூத்துத் தள்ளும். புளியமரத்தடியில் இதே செடியை வைத்துவிட்டு என்னைத் திட்டாதீங்க. அது இருட்டு, அங்கே எனக்குத் தெரிந்து ஒண்ணும் சரியாக வராது.

மீதி இடத்தில் ஒரு ஓரமாக அடுக்கு நந்தியாவட்டை ஒண்ணு வைத்தோம். இதுவும் எப்போதும் பச்சை, பாதி நிழலில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது, பால் இருப்பதால். டிசம்பர் பூ ஊதா கலரில் நாலு செடி. அது கார்த்திகை மார்கழியில் மட்டும்தான் பூக்கும், மற்ற மாசத்தில் வெறும் பச்சைதான். இருந்தாலும் மார்கழிக் கோலத்து சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ கிடைக்காத நாளில் அதுதான் கை கொடுத்தது.

இப்போ கணக்குக்கு வருகிறேன், நான் படிக்கிற படிப்புக்கு மரியாதையாக. அப்பா மனதில் இருக்கிற கணக்கு: மரம் விற்றால் வரவு. ஷெட் போட்டால் வண்டி வெயிலில் காயாது, அதுவும் வரவு. ஆனால் தளத்துக்கும் தகரத்துக்கும் ஆகிற செலவை எழுதினால் மரம் விற்ற காசு கால்வாசிக்குக்கூட வராது. வண்டி இப்போதே வேப்பமரத்தடியில் நிழலில்தான் நிற்குது! தகர ஷெட்டுக்குத் தேய்மானம் உண்டு, மரம் வருஷா வருஷம் வளருது. தாத்தா வைத்த மரத்தைத் திரும்ப வாங்க எந்தக் கடையிலும் விலைப்பட்டியல் இல்லை. இதையெல்லாம் ஒரு பேப்பரில் பற்று வரவு போட்டு அப்பாவிடம் நீட்டினேன். "காலேஜ் ஃபீஸ் எந்தப் பக்கம் எழுதியிருக்க"ன்னு கேட்டார். பதில் இல்லை என்னிடம்.

அப்பா பக்கத்திலும் நியாயம் இருக்கு, மறைக்க விரும்பவில்லை. போன புயல் மழையில் ஒரு கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுந்தது. சருகு கூட்டுவது அம்மாவுக்குத் தினமும் வேலை. அந்தப் பக்கத்துக் கிளையைக் கழித்துவிட்டால் போதும், முழு மரமும் போக வேண்டாம் என்பதுதான் நானும் அப்பாயியும் சொல்வது. கிளையைக் கழித்தால் கீழே வெளிச்சம் கூடும், பூவும் கூடும்.

பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கு, பார்த்திருப்பீங்க. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தினது என்கிறாங்க. 1940-ல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அதைச் சுற்றி வேலி போட்டு, போர்டு வைத்துப் பாதுகாக்கிறாங்க, ஸ்கூலில் டூர் கூட்டிப் போய்க் காட்டினாங்க. நல்ல விஷயம்தான். ஆனால் கல்லாகிப் போன மரத்துக்கு இருக்கிற வேலி உயிரோடு நிற்கிற மரத்துக்கு எங்க தெருவில் இல்லையே என்று எனக்கு அடிக்கடி தோணும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்க வேண்டும்னு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பிச்சாங்க. கன்று நடுகிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க. அதே வாரம் அதே ஊரில் நாலு கொல்லையில் 30 வருஷத்து மரம் லாரி ஏறுது. காரணம் கேட்டால், "அடியில ஒண்ணும் வரல தம்பி".

நேற்று காலையில் நடந்தது இது. மரக்காரர் திரும்ப வந்தார். அப்பா கொல்லைக்குக் கூட்டிப் போனார். அப்பாயி கனகாம்பரம் பறித்துக்கொண்டு இருந்தது, எழுந்திருக்கவே இல்லை. மரம் வெட்டினால் செடி மேலேதானே விழும்னு மரக்காரர் சொல்ல, அப்பாயி நிமிர்ந்து பார்த்து, "விழுந்தா விழட்டும், நானும் இங்கதான உக்காந்திருக்கேன்"னு சொல்லுச்சு. அப்பா கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தை மாசம் பார்க்கலாம்னு மரக்காரரை அனுப்பிவிட்டார். டீயும் கொடுத்து அனுப்பினார்.

தை வரைக்கும் நேரம் இருக்கு. அதற்குள்ளே மரத்தடி முழுக்க நிரப்பிவிட வேண்டும் என்பது எங்க ரெண்டு பேரோட திட்டம். போன மழையில் வெடித்த விதை முளைத்து விரல் உயரத்தில் ஒரு இருபது முப்பது நாற்று நிற்குது, பிடுங்கி நட வேண்டியதுதான் பாக்கி. அரியலூர், பெரம்பலூர் பக்கம் மரத்தடி வைத்திருக்கிறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, காசு வேண்டாம். வரும்போது ஒரு மஞ்சப்பை மட்டும் கொண்டு வாங்க, அப்பாயி பையைத் திருப்பிக் கொடுக்காது.